இகுவானா இறந்தால் இழப்பு யாருடையது?

முள்முருங்கை:
சென்னையில் ஒரு கடையில் நான் வாங்கிய இகுவானா என்ற பெரிய பல்லியினத்தின் குட்டி மூன்றாம் வாரத்தில் இறந்துவிட்டது. "உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை" என்று சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வாங்கும்போதே பின்னங்கால்கள் உப்பியிருந்தன; கேட்டதற்கு "நல்ல கொழுப்பு" என்றார். இறந்த பின் கால்நடை மருத்துவர், விரலால் அழுத்தினாலே தாடை வளைவதைக் காட்டி, கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோய் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயமா, இல்லையா?

கூண்டுக்கடை:
நானும் ஊர்வன விற்பவன்தான் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். புற ஊதா விளக்கு வாங்கச் சொன்னால், ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்பவர்களே அதிகம். வைட்டமின் டி3 உருவாகத் தேவையான கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும்; டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடலில் சேராது. இலை தழை தின்னும் பிராணிக்கு முட்டையும் நாய்த்தீனியும் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குள் நடப்பதற்குக் கடைக்காரர் எப்படி ஐயா பொறுப்பாவார்?

வேப்பேரி வாசகன்:
பொதுவாக நீங்கள் சொல்வது சரி. இந்த வழக்குக்குப் பொருந்தவில்லை. தாடை வளைந்து கால் உப்பும் அளவுக்கு அந்நோய் முற்றப் பல வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும். வாங்கிய நாளிலேயே கால் உப்பியிருந்தது என்றால், விளக்கில்லாமல் அது கிடந்த இடம் கடைதான். குளிரூட்டிய அறையில் வைத்ததால் இரை செரிக்காமல் இறந்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். வளர்ப்பதற்கென்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. வாங்கியவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத பின்பக்க வரி ஒன்று அதை வென்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

கூண்டுக்கடை:
கால் உப்பியிருந்தது என்பதற்கு அவர் வாய்மொழி தவிரச் சான்று ஏது? என்னிடமும் புதைத்துவிட்டு வந்து பணம் கேட்கிறார்கள். இல்லையென்றால் உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். உறைந்தால் திசு சிதைந்துவிடும் என்பதால், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து விரைவாக உடற்கூறாய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அறிக்கை இருந்தால் நானே பணத்தைத் தந்துவிடுவேன்.

முள்முருங்கை:
ஊடுகதிர்ப் படம் இருக்கிறது. வாங்கிய அன்று எடுத்த காணொளியில் கால்களும் தெரிகின்றன. ஆனால் சீட்டில் "கூண்டு, உபகரணங்கள்" என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். இகுவானா என்ற சொல்லே இல்லை.

வேப்பேரி வாசகன்:
சிக்கலே அங்குதான். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இகுவானா உள்ளது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, வைத்திருப்பவர் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் முதல் விசாரணையிலேயே பதிவுச் சான்று எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். கடைக்காரர் அப்படி எழுதிக் கொடுத்தது தெரியாமல் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கூண்டுக்கடை:
அப்படி எழுதிக் கொடுப்பவருக்காக நான் வாதாட மாட்டேன். இருந்தாலும் சான்றோடு விற்கும் என்னிடம் விலை கேட்டுவிட்டு, "பேப்பர் வேண்டாம், குறைத்துக் கொடுங்கள்" என்பவர்களைப் பற்றியும் இங்கே யாராவது எழுதுங்கள்.