சாளை, பண்ணை வீடு, லயம்: தாத்தாவின் வீட்டை எந்தச் சொல்லால் எழுதுவது?

கேள்வி: பொங்கோல்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். ஊரிலிருந்து அவருடைய தங்கை எழுதிய பதினொரு கடிதங்கள் எங்களிடம் உள்ளன. அவற்றை வைத்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காகக் குடும்ப வரலாறு ஒன்றை எழுதி வருகிறேன். கடிதங்களில் "சாளைக்கு ஓடு மாற்றியாயிற்று" என்றும், "அண்ணன் பங்குக் காட்டுக்கு இந்த வருஷம் மழை போதவில்லை" என்றும் வருகிறது. நான் சாளையைப் பண்ணை வீடு என்றும், காட்டை வனம் என்றும் எடுத்துக்கொண்டு, தாத்தாவின் குடும்பம் வனத்தை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில் வாழ்ந்தது என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த என் அத்தை, "நாம் பண்ணையாரும் இல்லை, வனத்தில் இருந்தவர்களும் இல்லை" என்று மிகவும் வருத்தப்பட்டார். ஆனால் அவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் சரியான சொல்லைச் சொல்ல முடியவில்லை. ஊர் வழக்கு அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில்: நொய்யல்கரை

உங்கள் அத்தை வருத்தப்பட்டது நியாயம்தான். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். வேலைக்காக இங்கே வந்தவன். கொங்கு நாட்டில் சாளை என்பது, ஊருக்குள் இல்லாமல் அவரவர் நிலத்திலேயே கட்டிக்கொண்டு குடியிருக்கும் வீடு. ஓலை வேய்ந்த சிறு குடிலும் சாளைதான். ஓடு போட்ட வீடும் சாளைதான். முன்னால் மண் வாசல், பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, அதற்கப்பால் சோளத்தட்டுப் போர், கூப்பிடு தூரத்தில் கிணறு என்று இருக்கும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் சாளை உண்டு. அந்தச் சொல்லில் செல்வமோ அதிகாரமோ தொனிக்காது. பண்ணை வீடு என்றால் இரண்டும் தொனிக்கும்.

காடு என்ற சொல்தான் வெளியூர்க்காரர்களை அதிகம் குழப்புகிறது. எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், வாய்க்கால் தண்ணீர் பாய்வது வயல், மழையை மட்டும் நம்பிக் கம்பும் சோளமும் கொள்ளும் விதைப்பது காடு. ஆகவே "காட்டுக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், தம்முடைய மானாவாரி நிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று பொருள். இது தவிர, காங்கேயம் வட்டாரத்துக்கே உரிய கொறங்காடு ஒன்று உண்டு. கிளுவை முள்ளை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் நிற்கவிட்டு, மாடுகளையும் ஆடுகளையும் மேயவிடும் நிலம் அது. காங்கேயம் காளைகள் வளர்ந்த மண் இதுதான். கடிதங்களில் அந்தச் சொல் வருகிறதா என்று பாருங்கள்.

பதில்: கடைமடைக்காரி

நான் திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் பகுதியில் சாளைக்கு நிகரான சொல்லே கிடையாது. அப்படி ஒரு வீடு இல்லாததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். காவிரித் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வந்து வயல் முழுவதும் நிற்கும்போது, நடுவே வீடு கட்டிக் குடியிருப்பது கடினம். அதனால் மேடான நத்தத்தில் தெருத்தெருவாக வீடுகள் அமைந்தன. வயலில் இருப்பது களமும் மோட்டார் கொட்டகையும்தான். கொங்கு நாட்டிலோ மாடு பூட்டிக் கவலை இறைத்த, அதாவது மாடுகளைக் கொண்டு கிணற்றுத் தண்ணீரை இறைத்த காலத்தில் விடியுமுன்பே கிணற்றடியில் நிற்க வேண்டியிருந்தது. வீடு கிணற்றைத் தேடிப் போனது இயல்புதானே?

பண்ணை என்ற சொல்லை நீங்கள் தவிர்ப்பதே நல்லது. எங்கள் மாவட்டங்களில் பண்ணை என்றால் வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதாரரின் சொத்து. ஒரு வேலி என்பது 20 மா. ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அந்த நிலத்தில் உழைத்தவர்களைப் பண்ணையாள் என்றார்கள். அந்தச் சொல்லின் வலி இன்னும் ஆறாத குடும்பங்கள் உண்டு. இன்றைய விளம்பரங்களில் பண்ணை வீடு என்பது நகரத்தார் விடுமுறைக்குப் போகும் மாளிகையாகிவிட்டது. இரண்டு பொருளும் உங்கள் தாத்தாவுக்குப் பொருந்தா.

வேறு மாவட்டத்துக் கடிதங்களைப் படிக்க நேர்ந்தாலும் இதே எச்சரிக்கை தேவை. எங்களுக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கடலூர்ப் பக்கத்தில் அதுவே புன்செய் நிலம்.

பதில்: தகரக்கூரை

தம்பி, நான் செம்பவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். உங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டம் என்றால் எங்கள் தலைமுறைக்குப் பால்மரத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கே நாங்கள் இருந்தது லயத்தில்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் எங்களுக்குக் கேட்கும். கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்து வீடு வேறு. அது தனி வீடு. நீப்பா ஓலையால் வேய்ந்தால் அத்தாப்பு வீடு என்போம், பிறகு பெரும்பாலும் தகரமாயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைந்த பிறகு கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பெருந்தீவில் இன்று எஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் ஒன்றுதான்.

ஆகவே "தாத்தா தோட்டத்தில் குடியிருந்தார்" என்று மொட்டையாக எழுதினால், இங்குள்ளவர்கள் அவரை லயத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சாளை என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் விளக்கிவிடுங்கள். தங்கை கைப்பட எழுதிய சொல்லை நாம் ஏன் மாற்ற வேண்டும்? இதே ஊரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் மலாய்ப் பெயரை எல்லாரும் கேகே என்று சுருக்கிவிட்டதால், அது எருமைத் தொழுவத்தைக் குறித்த பெயர் என்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

பொங்கோல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்காவது கடிதத்தில் "குறங்காடு" என்று ஒரு சொல் இருந்தது. எழுத்துப்பிழை என்று எண்ணி விட்டுவிட்டேன். இப்போது இவ்வாறு திருத்தியிருக்கிறேன்: "தாத்தாவின் குடும்பம் கிணற்றை ஒட்டிய சாளையில், அதாவது தங்கள் நிலத்திலேயே கட்டிய ஓட்டு வீட்டில், குடியிருந்தது. மழை பெய்தால் காட்டில் கம்பு விதைத்தார்கள், கொறங்காட்டை உழுதார்கள்." அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். சாளை என்ற சொல்லைத் தம் அப்பா சொல்லிக் கேட்டதாக அவருக்கு இப்போது நினைவு வந்திருக்கிறது.

பதில்: நொய்யல்கரை

மிக்க மகிழ்ச்சி. கடைசிச் சொற்றொடரை மட்டும் மாற்றுங்கள். கொறங்காடு மேய்ச்சலுக்கென்று விட்ட நிலம். "கொறங்காட்டில் மாடு மேய்த்தார்கள்" என்பதே சரி.