ரேடியோவை எங்கே நின்று கேட்டார்கள்?

திருவல்லிக்கேணியிலிருந்து

ரேடியோ வந்த புதிதில் நம் வீட்டுப் பெரியவர்கள் யாருடைய பாட்டைக் கேட்டார்கள் என்று நாம் எல்லோரும் விசாரித்திருக்கிறோம். என் தந்தையாரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். அவருக்குப் பாடியவர் பெயர் நினைவில் இல்லை. ஆனால் கடற்கரையில் தாம் எந்த இடத்தில் நின்றார் என்பதைத் துல்லியமாகச் சொன்னார். ஆகவே தங்கள் வீட்டு ரேடியோ நினைவுகளை இங்கு எழுதப் போகிறவர்கள், பெரியவர்கள் எங்கே நின்று கேட்டார்கள் என்ற அந்த ஒரு செய்தியை மறவாமல் குறிப்பிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையில் ஒலிபரப்பு அரசாங்கத்தின் முயற்சியால் தொடங்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் ஆர்வமுள்ள சிலரும் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை அமைத்து, முதலில் 40 வாட், பின்னர் 200 வாட் ஆற்றலுள்ள கருவியைக் கொண்டு ஒலிபரப்பினார்கள். பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, கருவி நகர கார்ப்பரேஷனிடம் வந்து சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டு பங்களாவில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்படும் வரையில், சென்னைவாசிகளுக்கு ரேடியோ என்றால் கார்ப்பரேஷன் ரேடியோதான். சாக்கடையும் தெருவிளக்கும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு நிர்வாகம் எட்டு ஆண்டுகள் மாலைதோறும் ஊருக்குச் சங்கீதம் கொடுத்தது என்பது இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வீட்டில் செட் வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். என் தந்தையார் 1924இல் பிறந்தவர். பத்து, பன்னிரண்டு வயதில் என் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாலையில் மணலுக்குப் போவார். அந்த நேரத்தில் கடல்காற்று கரையை நோக்கி வீசும். கிழக்கே, அலைப்பக்கமாக நின்றவர்களுக்குப் பாட்டில் பாதி காற்றோடு போய்விடும். ஒலிபெருக்கிக் குழாய்க்கு மேற்கே, சாலைப் பக்கமாக நின்றவர்களுக்கு ஒவ்வொரு சங்கதியும் விழும். இதை முதலில் அறிந்துகொண்டவர்கள் சுண்டல் விற்கிறவர்கள்தாம் என்றும், அவர்கள் கூடையை இறக்கி வைக்கும் இடத்தைப் பார்த்து என் தாத்தா துண்டை விரிப்பார் என்றும் தந்தையார் சொல்வார். டிக்கெட் கிடையாது, முன்வரிசை கிடையாது. மயிலாப்பூர் வக்கீலுக்கும் நொச்சிக்குப்பத்து மீனவருக்கும் ஒரே மணல்தான் என்பது அவர் கடைசிவரை பெருமையாகச் சொன்ன செய்தி.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து

ஒரே மணல் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் அப்படி இல்லை.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கிய பிறகு, தஞ்சை ஜில்லாவின் வசதியுள்ள வீடுகளில் ஒவ்வொன்றாக ரேடியோ வந்தது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வர இன்னும் வெகுகாலம் இருந்ததால், மிராசுதார் வீட்டுப் பெட்டி பாட்டரியில் ஓடியது. பாட்டரி தீர்ந்தால் அதைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வர வேண்டும். கொண்டுபோனவர் என் பாட்டனார். அந்த வீட்டுப் பண்ணையாள் அவர். அமிலம் தளும்பி வைக்கோலைப் பொசுக்கிவிடாதபடி, அந்தப் பெட்டியை வண்டியில் பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு போக வேண்டும் என்பார்.

ரேடியோ கூடத்தில் இருந்தது. மிராசுதார் சாய்வு நாற்காலியிலும், உறவினர்கள் ஊஞ்சலிலும், அண்டை வீட்டுக்காரர்கள் திண்ணையிலும், மற்றவர்கள் வாசலிலும் இருப்பார்கள். என் பாட்டனாருக்கு அந்தத் தெருவில் நடக்கவே அனுமதி கிடையாது. அவர் கொல்லைப்புறமாக வந்து, மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில், வைக்கோற்போருக்கு அருகே நிற்பார். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம் வருகிற நாளில் மட்டும் தொழுவத்தில் வேலை முடியவே முடியாது என்று சிரித்துக்கொண்டு சொல்வார். கோயில் உற்சவத்திலும் தூரத்தில் நின்று கேட்ட நாயனம்தானே, ஆகையால் ரேடியோவினால் தமக்குப் புதிதாக ஒன்றும் நட்டமில்லை என்பது அவருடைய கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் கூடத்தில் இருந்தவர்களைவிட அவர் முந்திக்கொள்வார். பாட்டரி இறங்க இறங்க ஓசை தேயும். அருகில் இருப்பவர்கள் பாடகர்தான் குரலைத் தாழ்த்துகிறார் என்று எண்ணித் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தொழுவத்தில் நிற்பவருக்கோ அது சுத்தமாகவே கேட்காமல் போய்விடும். மறுநாள் விடியலில் வண்டி பூட்ட வேண்டும் என்பது அந்த ஊரிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மதுரையிலிருந்து

என் தந்தையார் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நானும் கண்ணாடி வால்வு வைத்த பழைய செட்டுகளில்தான் தொழில் கற்றேன். எங்கே நின்றார்கள் என்ற கேள்விக்கு எங்கள் தொழிலிலும் ஒரு பதில் இருக்கிறது.

மிகப் பழைய செட்டுகள் சிலவற்றில், பிடித்த ஓசையைப் பெருக்குவதற்காக அதன் ஒரு பகுதியையே திரும்ப உள்ளே ஊட்டுவார்கள். அளவு மீறினால் பெட்டி ஊளையிடும். ஒருவர் அருகில் வந்தாலோ கையை நீட்டினாலோகூட அந்த அளவு மாறிவிடும், ஏனென்றால் மனித உடலும் மின்சாரத்தைப் பொறுத்தவரையில் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆகவே செட்டுக்குச் சொந்தக்காரர் திருகைச் சரிசெய்து முடித்ததும், நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். யாரும் அசையாதீர்கள் என்று அவர் அதட்டியது அதிகாரத்தினால் மட்டுமன்று.

அதற்கு முன்னால் நடக்கும் ஆயத்தங்களும் சிறிய காரியமல்ல. மாடியில் இரண்டு மூங்கில் நட்டு நீளமாக ஏரியல் கம்பி கட்ட வேண்டும்; எர்த் கம்பியைப் புதைத்த இடம் காயாதபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் பேச்சு வராது. வால்வு சூடேறிச் சிவக்கும்வரை எல்லோரும் பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1930களின் பிற்பகுதியில் மாயக்கண் என்ற பச்சை விளக்கு வைத்த செட்டுகள் வந்தன. நிலையம் சரியாகப் பிடிபட்டதும் அந்தக் கண்ணின் நிழல் ஒடுங்கும். கேட்பதற்கு உட்கார்ந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டு அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தந்தையார் குறைப்பட்டுக்கொள்வார். இவ்வளவுக்கும் மேலே, தபால் நிலையத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்றே முறையாகத் தொடங்கிவிட்டது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்து, அதற்கு முன்பே மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பிப் பார்த்தார். ஆனால் எங்கள் ஊர் வாசிகசாலையில் 1940களில் மாலை வேளைகளில் திறந்துவைத்தது திருச்சியைத்தான் என்று அம்மப்பா சொல்லுவார். உப்புக்கடலின் மேல் மத்திய அலை ஒலிபரப்பு அதிகம் தேயாமல் பயணம் செய்யும். கடல் கடந்த ஊர் அடுத்த வீடு போலவும் சொந்த நாட்டுத் தலைநகரம் தொலைவிலும் இருந்தது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

ஆண்கள் வாசிகசாலை விறாந்தையில் வாங்குகளில் (பெஞ்சுகளில்) இருப்பார்கள். பெண்கள் உள்ளே வருவதில்லை. ஒழுங்கைக்கு (சந்துக்கு) எதிர்ப்புறத்து வளவின் கிடுகு வேலிக்குப் பின்னால் அம்மம்மாவும் அயல்வீட்டுப் பெண்களும் பாய் போட்டு ஓலை பின்னிக்கொண்டிருப்பார்களாம். நல்ல கச்சேரி நடந்தால் ஓலை பின்னும் சத்தம் நின்றுவிடும் என்பதால், வேலிக்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது விறாந்தைக்கும் தெரியும். தெரிந்ததாக எவரும் காட்டிக்கொள்வதில்லை.

பினாங்கிலிருந்து

எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்த பிறகு, தொலைதூர நிலையங்கள் கிடைக்காதபடி செட்டுகளில் சிற்றலைப் பகுதியைத் துண்டித்தார்கள்; எதிரி நாட்டுச் செய்தியைக் கேட்டுப் பிடிபட்டால் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீசின் விசாரணை, சித்திரவதை, சில வேளைகளில் மரணம். தாத்தா ஒரு பழைய செட்டைப் பிரித்துக் கோழிக்கூண்டின் அடித்தட்டில் வைத்திருந்தார். ஹெட்போனைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டால் இரண்டு பேர் தலையைச் சேர்த்துவைத்துக் கேட்க முடியும். அவரும் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த நண்பரும் அப்படித்தான் இங்கிலாந்துச் செய்தியைக் கேட்டார்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பின்னர் நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. அவருடைய பேச்சைப் பட்டணத்தில் கூட்டத்தோடு நின்று உரக்கக் கேட்கலாம்; தாத்தாவும் மனமுவந்து கேட்டார். இரவில் அதே மனிதர் கிண்ணத்தில் காதை வைத்து, போர் உண்மையில் எப்படிப் போகிறது என்று சரிபார்த்துக்கொண்டார். இரண்டிலும் தமக்கு வெட்கம் இல்லை என்பார்.

அவர் கேட்ட நேரமெல்லாம் பாட்டி வெளியே கிணற்றடியில் நின்று, தேவையே இல்லாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். யாராவது வந்தால் வாளியை நழுவவிட வேண்டும். மூன்றரை ஆண்டுக் காலத்தில் பாட்டி ஒரு செய்தியைக்கூடக் கேட்டதில்லை.

மீண்டும் திருவல்லிக்கேணியிலிருந்து

ஒரே மணல் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலே மற்றவர்கள் எழுதிய நான்கு பகிர்வுகளையும், கடைசி இரண்டை இரண்டு முறையும், என் தந்தையாரின் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அத்தைக்கு இப்போது 94 வயது, காது மந்தம், நினைவு மந்தமில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க அப்பா எங்களைப் பத்திச் சொல்லவே இல்லையா?” என்றார்.

தாத்தாவும் அப்பாவும் மணலுக்குப் போன நாட்களில் பாட்டியும் அத்தையும் உடன் போயிருக்கிறார்கள். ஆனால் மணலில் இறங்கியதில்லை. கடற்கரைச் சாலையில் ஜட்கா என்ற குதிரை வண்டியை நிறுத்தி, திரையை ஒரு சாண் விலக்கி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்களாம். தந்தையார் எனக்குச் சொன்ன கதையில் அந்த ஜட்கா இல்லை.

அவ்வளவு தூரத்தில் என்ன கேட்டிருக்கும் என்று வருத்தத்தோடு கேட்டேன். எல்லாம் கேட்டது என்றார் அத்தை. காற்று சாலைப் பக்கம்தானே வீசும் என்றும் சொன்னார். பாட்டி அங்கே கேட்ட கீர்த்தனைகளை வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் பாடிப் பார்ப்பாராம். அவற்றில் ஒன்றின் பல்லவியை அத்தை எனக்குப் பாடிக் காட்டினார். இரண்டாவது வரி வரவில்லை, நாளைக்கு வா என்றார்.