எம்24 பாணியில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: எந்த உறுப்புக்கு முதலிடம்?

தொலைக்குறி:
உரிமத்துடன், இலக்குச் சுடுகளத்தில் மட்டும் சுடுபவன் நான். அமெரிக்கத் தரைப்படை 1988-இல் ஏற்றுக்கொண்ட எம்24 ஸ்னைப்பர் ரைபிளை ஒத்த ஒன்றை, உறுப்புகளை நானே தேர்ந்தெடுத்து, தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ள விரும்புகிறேன். ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பொறியமைப்பு) என்பது வரை முடிவாகிவிட்டது. நெடிய ஆக்‌ஷனா, குறுகியதா? தோட்டா .308-ஆ, 6.5 கிரீட்மூரா? மீதமுள்ள பணத்தைக் குழல், ஸ்டாக் (தோளில் அணைக்கும் உடற்கட்டை), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஆகியவற்றில் எதில் கூடுதலாகப் போடுவது? பெரும்பாலும் 600 மீட்டரிலும் எப்போதாவது 900 மீட்டரிலும் சுடுவேன்.

குழல்நேயன்:
முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள். மற்றவை அதைப் பின்தொடரும். எம்24 நெடிய ஆக்‌ஷனில் அமைந்ததற்குக் காரணம், பின்னாளில் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு மாற்ற வழி இருக்க வேண்டும் என்று தரைப்படை கருதியதே. உங்களுக்கு அத்தேவை இல்லாததால், அமெரிக்க மரைன் படையினரின் எம்40 ரைபிளைப் போலக் குறுகிய ஆக்‌ஷனே போதும். .308, 6.5 கிரீட்மூர் இரண்டுக்கும் தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட் முகப்பின் அளவு ஒன்றே என்பதால், இன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குழல் தேய்ந்த பிறகு மற்றொன்றுக்கு மாறுவது பெரிய வேலையன்று.

900 மீட்டர்தான் முக்கியம் என்றால் 6.5 காற்றில் குறைவாக விலகும், பின்னுதைப்பும் குறைவு. ஆனால் அதன் குழல் .308-ஐவிட விரைவில் தேயும். .308-இலேயே நிற்பதானால் 168 கிரெயின் (எடை அலகு) குண்டைத் தவிர்த்து 175 கிரெயினுக்குப் போங்கள், ஏனெனில் முன்னது ஒலிவேகத்தை நெருங்கி இறங்கும்போது நிலைகுலையும் பழக்கமுடையது. எம்24 குழலின் மரை (குண்டைச் சுழலவைக்கும் உட்சுருள் வரி) 11.25 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்று வாங்குபவருக்கு 10 அங்குல மரை இன்னும் வசதி, 6.5-க்கு 8 அங்குலம். என் கணக்கில் கூடுதல் பணம் குழலுக்கே.

மரமும் இரும்பும்:
குழல்நேயன் ஸ்டாக்கைத் தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பு. எம்40 1966-இல் வியட்நாமுக்கு வால்நட் மர ஸ்டாக்குடன் போனது. அங்குள்ள ஈரத்தில் மரம் ஊதிக் குழலை அழுத்தியதால் குறி நிலைக்கவில்லை. எனவேதான் எம்40ஏ1-க்குக் கண்ணாடியிழை ஸ்டாக் வந்தது. எம்24-இன் ஸ்டாக்கிலோ ஆக்‌ஷன் அமர்வதற்கென்றே அலுமினியப் படுகை ஒன்று உள்ளே பதிக்கப்பட்டது. படைத்துறைப் பாணி என்பதைப் பலர் நிறமாகவும் பட்டையாகவும் புரிந்துகொள்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் ஆக்‌ஷன் ஒரே இடத்தில் அசையாமல் அமர்வதும், குழல் எதையும் தொடாமல் நிற்பதுமே அதன் சாரம். எவ்வளவு உயர்ந்த குழலையும் தளர்ந்த ஸ்டாக் வீணாக்கிவிடும். திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு இறுக்க முறுக்குவிசைச் சாவி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்துமடங்கு:
ஸ்கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்24-இன் பத்து மடங்கு ஸ்கோப்பில் கண்ணாடிக் குறிகள் மில் (ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் என்னும் கோண அலகு) அளவிலும், திருகு வளையம் எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவிலும் இருந்தன. சுடுபவர் மனத்துக்குள் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பாணிக்காக அந்தத் தொல்லையையும் சேர்த்து வாங்க வேண்டாம். குறி, வளையம் இரண்டும் மில்லிலேயே இருந்தால், ஒரு சொடுக்கு 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ. .308-இல் 900 மீட்டருக்குப் பத்து மில்லுக்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும் என்பதால், ஸ்கோப்பைத் தாங்கும், 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயிலின் மேல் பொருத்துங்கள். இல்லாவிட்டால் ஸ்கோப்பின் உள்திருத்த வீச்சில் பாதி கீழ்ப்பக்கம் பயனின்றிக் கிடக்கும்.

தொலைக்குறி:
குறுகிய ஆக்‌ஷன், .308, 10 அங்குல மரை, அலுமினியப் படுகையுள்ள ஸ்டாக் என்று முடிவு செய்கிறேன். குழல் முன்கூட்டியே தோட்டா அமரும் அறை வெட்டி வருமானால், அதை நானே மாட்டிவிடலாமா?

குழல்நேயன்:
வேண்டாம். ரெமிங்டனில் பின்னுதைப்பைத் தாங்கும் தகடு குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே தனியாக அமர்கிறது. அதன் தடிமன் மாறினாலே போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி மாறிவிடும். அளவுமானிகளால் சரிபார்த்த பிறகே முதல் தோட்டாவை இட வேண்டும். அது கம்மியரின் வேலை.