இவான் விளாதிமிரவ்: எந்தப் புரட்சியை நம்புவது?

கரித்துண்டு:
ருஷ்ய ஓவியர் இவான் விளாதிமிரவின் (1869–1947) புரட்சிக்கால நீர்வண்ணப் படங்கள் மறுபடி சுற்றுக்கு வந்திருக்கின்றன. பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தெருவில் செத்த குதிரையை அறுக்கும் பட்டினிக் கூட்டம், கட்டாய வேலையில் பாதிரிமார், கிராமத்தில் தானியப் பறிமுதல். இதே கைதான் பின்னால் உக்ரைனின் ககோவ்காவில் எதிரியான வெள்ளைப்படையின் டாங்கிகளை போல்ஷெவிக்குகளின் செம்படை கைப்பற்றியதை எண்ணெய் ஓவியமாக்கியது. இது பச்சோந்தித்தனம் இல்லாமல் வேறென்ன?

செம்பருத்தி:
அவசரப்படாதீங்க நண்பரே. அவர் போர்ச் செய்தி ஓவியர். 1904-05 ஜப்பான் போர், 1912-13 பால்கன் போர், பிறகு உலகப் போர் என்று களம் களமாகப் போனவர். தாய் ஆங்கிலேயர்; லண்டன் ‘கிராஃபிக்’ இதழுக்கும் வரைந்தார். நீங்கள் சொன்ன நீர்வண்ணங்கள் யார் கைக்குப் போயின? அமெரிக்க நிவாரணப் பணிக்காக 1921–23இல் ருஷ்யாவில் இருந்த ஃபிராங்க் கோல்டர், அமெரிக்காவின் ஹூவர் நூலகத்துக்காகச் சேகரித்தார். வாங்குபவர் அமெரிக்கர், ஊரில் பஞ்சம். எது விலைபோகும் என்று ஓவியருக்குத் தெரியாதா?

கரித்துண்டு:
விற்றதால் பஞ்சம் பொய்யாகிவிடுமா? 1917-18இல் அவர் பெத்ரோகிராத் மிலிஷியாவில் (புரட்சிக்குப் பின் வந்த காவல் படை) வேலை பார்த்தார். சூறையாடலையும் கைதுகளையும் பக்கத்தில் நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது?

அளவுகோல்:
இருவரும் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டீர்கள். முதலில் படத்துக்குச் சொல்லும் ஆண்டு காட்சி நடந்ததற்கா, வரைந்ததற்கா என்று பிரியுங்கள். தோளில் பதவிப் பட்டை தெரிகிறதா? போல்ஷெவிக் தரப்பில் அது 1917 டிசம்பரிலேயே ஒழிந்தது. செம்படையின் கூர்முனை ‘புத்யோனவ்கா’ தொப்பி 1919இல் வந்தது. 1917 காட்சியில் அது தலைகாட்டினால் படம் பின்னாளையது. தலைப்பில் ‘லெனின்கிராத்’ என்றிருந்தால் அந்த எழுத்து, பெத்ரோகிராதுக்கு அந்தப் பெயர் வந்த 1924 ஜனவரிக்குப் பிந்தியது. கையெழுத்தின் கடைசியில் பழைய வன்குறி (ъ என்ற ருஷ்ய எழுத்து) இருப்பதை வைத்து மட்டும் 1918க்கு முந்தியது என்று குதிக்காதீர்கள். சொல்லின் கடைசியில் அதை நீக்கிய 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழகிய கை அதை எழுதியது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

செம்பருத்தி:
காட்சி ஆண்டும் வரைந்த ஆண்டும் வேறாவதற்குச் சரியான உதாரணம் நவரசீஸ்க் படம். செம்படைக்குப் பயந்து அந்தக் கருங்கடல் துறைமுகத்திலிருந்து ஓட்டம் நடந்தது 1920இல், வரைந்தது 1926இல். தலைப்பே ‘பூர்ஷ்வாக்களின் (பணக்கார வர்க்கத்தாரின்) ஓட்டம்’, அதாவது கேலி. இணையத் தொகுப்புகளில் அதைப் பஞ்சப் படங்களோடு கலந்து ‘ஐயோ பாவம்’ என்று போடுகிறார்கள்.

கரித்துண்டு:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் இரக்கத்தை வரவழைக்கிறதே. தலைப்பை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

அளவுகோல்:
மறைத்தால் பாதிச் சான்று போய்விடும். இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள்: ஜார் சின்னங்களையும் உருவப்படங்களையும் தீயில் போடும் 1917 காட்சி. அது ஜாரை வீழ்த்திய பிப்ரவரிப் புரட்சியின் கொண்டாட்டம். குதிரைப் படம் 1919, போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த அக்டோபர் புரட்சிக்குப் பிந்திய பட்டினி. ‘புரட்சி’ என்று ஒரே சொல்லில் நீங்கள் கட்டுவதால்தான் அவர் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிறார்.

கரித்துண்டு:
1919 வரைக்கும் சரி. ககோவ்கா டாங்கிக்கு அந்தச் சமாதானம் செல்லாது.