கிளப் பிள்ளைகளோடு மரம் நட்டவர்கள் வாருங்கள், மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

குளக்கட்டு வாசி:
கார்த்திகை மரநடுகை எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்க் குளத்திலும் லியோ கிளப் (லயன்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவு) பிள்ளைகள் மருதும் வேம்பும் நட்டார்கள். நான் சொல்ல வந்தது அடுத்த ஆடியில் பார்த்தது. சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்குது, குளம் வற்றிக் கிடக்குது. ஒரு பிள்ளை சைக்கிள் கரியரில் எண்ணெய்க் கான் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்து, கன்றைச் சுற்றியிருந்த முள்ளைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, திரும்பவும் முள்ளைக் கட்டியது. "ஆர் பிள்ளை ஊத்தச் சொன்னது?" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. இது என்ர பேரில நிக்கிற மரம்." கிளப் ஆளுக்கொரு கன்றைப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் பக்கம்:
ஒரு பிள்ளை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. எங்கள் பக்கம் வந்த கிளப்பிடம் மேடைக்குக் காசு இருந்தது, வேலிக்கு இல்லை. பாதிக்கு மேல் கட்டாக்காலி மாடு தின்றது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தினர் வாகனம் ஏறிய பிறகு, ஒரு பெடியன் கன்று வந்த கறுப்புப் பைகளை எல்லாம் பொறுக்கி, மண்ணை உதறி, அடுக்கி வைத்தான். பள்ளிக்கூட நாற்றுமேடைக்காம். அவனைத்தான் மேடையில் ஏற்றியிருக்க வேண்டும்.

பளையூரான்:
கண்ணிவெடி எடுத்து ஒப்படைத்த காணி. இன்டரக்ட் (ரோட்டரியின் மாணவர் கிளப்) பிள்ளைகளோடு பனங்கொட்டை நட்டோம். ஒருவனின் அலவாங்கு 'ணங்' என்றது. போர் முடிந்த 2009 இல் கைக்குழந்தையாக இருந்தவன் அவன். அலவாங்கை இழுக்கவில்லை, கத்தவும் இல்லை. "எல்லாரும் வந்த அடியிலயே பின்னுக்குப் போங்கோ" என்றான், அவ்வளவுதான். அறிவித்தோம், ஆட்கள் வந்து பார்த்தார்கள், பழைய இரும்புத் துண்டு. அப்புறம் அவன் அதே குழியில் கொட்டையைப் போட்டான். எனக்குக் கை நடுங்கியது, அவனுக்கு இல்லை.

கமக்காரன்:
நான் ஒரு சிரமதானத்துக்குத்தான் போனேன், வாய்க்காலில் பொலித்தீன் அள்ளினோம், கதை அவ்வளவுதான். ஆனால் முதல் எழுதியவருக்கு ஒன்று. மருதைக் குளக்கட்டின் மேல் நடவிடாதீர்கள். பெரிய மரத்தின் வேர் செத்து உக்கினால் மண்ணுக்குள் துளை விழும், அதன் வழியே தண்ணீர் கசியும், கட்டே உடையலாம். மருதுக்கு அலைகரையும் (கட்டுக்கு எதிரே தண்ணீர் ஏறி இறங்கும் கரை) ஆற்றோரமும்தான் இடம். கனகராயன் ஆற்றங்கரையைப் பாருங்கள். பனங்கொட்டை என்றால் ஆவணி, புரட்டாதியில் பொறுக்கி மழைக்கு முன் போடுங்கள். முதலில் கீழேதான் இறங்கும், மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று கிண்டிப் பார்க்காதீர்கள், கிழங்குக்குக் கிண்ட வருபவர்களையும் விடாதீர்கள். இன்னொன்று: லியோவில் 12 வயது முதல் 30 வரை இருக்கலாம். எங்கள் பெடியள் உயர்தரம் முடிந்ததும் யாழ்ப்பாணம், கொழும்பு என்று போய்விடுகிறார்கள். போகிறவன் தன் மரத்தை ஒரு சின்னப் பிள்ளையின் பெயருக்கு மாற்றிவிட்டுப் போகட்டும்.

குளக்கட்டு வாசி:
கமக்காரன் ஐயா, நட்டது அலைகரையில்தான், கட்டில் இல்லை. பெயர் மாற்றுவது நல்ல யோசனை, கிளப் ஆட்களிடம் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் உயர்தரம்.