ஊறுகாய் பாட்டிலில் ஒரு படை

நண்பர் வீடு மாறும்போது, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படைப் பொம்மைகள் இருபதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டர். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர் போல, பெயின்ட் மேல் பெயின்ட். பொத்தான் எது, மீசை எது என்றே தெரியவில்லை.

பழைய பெயின்டை உரித்தெடுக்க நினைத்தேன். நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோன் பெயின்டைக் கரைக்கும், உலோகத்தை ஒன்றும் செய்யாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் இருபதில் ஆறு பிளாஸ்டிக் என்பதைக் கையில் எடை பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முதலில் போட்ட மூன்றில் ஒரு வீரன், நான் காபி குடித்துத் திரும்புவதற்குள் துப்பாக்கியும் தொப்பியும் ஒன்றாகக் குழைந்து கிடந்தான். அந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் வகை, அதை அசிட்டோன் கரைத்துவிடும். மற்ற இருவரும் உலோகம். பளிச்சென்று வந்தார்கள், கைகளும் முதுகுப்பைகளும் மட்டும் பாட்டிலின் அடியில். சூப்பர் குளூவும் அசிட்டோனில் நிற்காது.

மீதி ஐந்து பிளாஸ்டிக் வீரர்களைத் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்தேன். அவர்கள் மேல் இருந்தது அக்ரிலிக் பெயின்ட். "வீட்டில் யாருக்கடா உடம்பு சரியில்லை?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

பெயின்ட் நன்றாகவே இளகியிருந்தது. நான்தான் அவசரப்பட்டுக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பட்டதும் டெட்டால் வெளுத்தது. இளகிய பெயின்ட் பலாப்பழப் பால் போலத் திரண்டு, பொம்மையிலும் பிரஷிலும் விரலிலும் அப்பிக்கொண்டது. மறுபடி டெட்டாலில் போட்டு, அதிலேயே பழைய பல் பிரஷால் தேய்த்து, பெயின்ட் முழுதும் போனபின் பாத்திரம் துலக்கும் சோப்பு, கடைசியில்தான் தண்ணீர். இந்த வரிசை மாறினால் மறுபடி பலாப்பால்தான். கையுறை இல்லாமல் செய்ததற்கு இரண்டு நாள் தோல் உரிந்தது.

பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், அவற்றை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவில்லை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆகவே அந்த வேலை எல்லாம் மொட்டை மாடியில், மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலில்.

இப்போது மார்பில் குறுக்குப் பட்டைகள் தெரிகின்றன. ஒருவனுக்கு முறுக்கு மீசை இருந்திருக்கிறது. அவன் காலர் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது. ஊசியால் கிளறினால் காலரே போய்விடும். அதன் மேலேயே பிரைமர், அதாவது புதுப் பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அடித்துவிட்டேன்.