2716 சில்லும் வெயிலும்: நிமிடமா, வாரமா?

பழம்பலகை:
"2716 ஈப்ராமின் ஸ்டிக்கரை உரித்தால் வெயில் பட்டு நிமிடங்களில் ஃபர்ம்வேர் அழிந்துவிடும், வீட்டில் யாரும் தொடாதீர்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே பயமுறுத்தியிருக்கிறார். (ஈப்ராம் என்பது புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதும் நினைவகச் சில்லு; ஒளி புகும் அதன் கண்ணாடிச் சாளரத்தை மூடுவது ஸ்டிக்கர்; உள்ளே இருக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர்.) சில்லைச் செய்த இன்டெலின் தரவுத்தாளைப் புரட்டினாரா? நேரடி வெயிலில் அழிய ஏறக்குறைய 1 வாரம், அறையின் குழல் விளக்கில் ஏறக்குறைய 3 ஆண்டுகள். கால் மணி, இருபது நிமிடத்தில் அழிப்பது 2537 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் புற ஊதா விளக்கு. வெயில் அல்ல.

கதிரொளி:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். அந்தக் கணக்கு புதுச் சில்லுக்கு. 40 ஆண்டு கிடந்த சில்லில் தரவைத் தாங்கும் மின்னூட்டம் பாதி கசிந்திருக்கும். அதற்கு எதற்கு ஒரு வாரம்?

பழம்பலகை:
பாதி என்று அளந்து பார்த்தீர்களா? ஸ்டிக்கரை உரித்து, படித்து, மறுபடி ஒட்ட 2 நிமிடம் ஆகாது. 2048 பைட்டுகள்தானே! ஒரு வாரம் என்றால் ஒரு வாரம்.

மூன்றுமின்:
வெயிலை விடுங்கள். சில்லின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716 மூன்று மின்னழுத்தம் கேட்கும்: +5, -5, +12. இன்டெலுடையதற்கு 5 வோல்ட் போதும். சில்லைப் படிக்கும் புரோகிராமர் கருவியில் கண்ணை மூடிச் செருகினால் வெயிலுக்கு வேலையே இல்லை.

பழம்பலகை:
அது தெரியாமலா இத்தனை ஆண்டு மின்சுற்றுப் பலகை பார்க்கிறேன்? 2532 ஈப்ராமை 2732 என்று வைத்துப் படிக்கச் சொன்னவர் நீங்கள்தானே? இரண்டுக்கும் கால் வரிசை வேறு. உங்கள் பேச்சைக் கேட்ட பையன் இரண்டு நாள் குப்பையைப் படித்துக்கொண்டிருந்தான்.

மூன்றுமின்:
அதை அன்றே திருத்தி எழுதினேன். நீங்கள் அதை மட்டும் படிப்பதில்லை.

கதிரொளி:
பேச்சை மாற்றாதீர்கள். என் இசட்80 செயலிப் பலகையின் சில்லை மூன்று முறை படித்தேன், மூன்று விதமாக வந்தது. மின்னழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்குக் குறைத்த பிறகுதான் நிலையாக வந்தது. அதுவரை வலுவிழந்த 0 பிட்டுகள் 1 ஆகத் தெரிந்தன. கசிவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழம்பலகை:
கசிவுக்குச் சாட்சி. வெயிலுக்கு எங்கே சாட்சி? உங்கள் சில்லில் ஸ்டிக்கர் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லாமல் வோல்ட் கணக்கைக் காட்டுகிறீர்கள். தரவுத்தாள் சொல்வது ஒரு வாரம்.

கதிரொளி:
ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

பழம்பலகை:
எத்தனை ஆண்டாக?